ஹியென் லுவாங் பாலம்: தற்காலிகக் கோடு எப்படி எல்லையானது?



கோலா குபு பாருவிலிருந்து வடக்கே போகிறவர்களுக்கு இந்த இடம் தெரிந்திருக்கும். முதலாம் எண் கூட்டரசுச் சாலையில் உலு பெர்னாமைத் தாண்டினால் ஒரு பாலம் வரும். கீழே பெர்னாம் ஆறு. பாலத்துக்கு இந்தப் பக்கம் சிலாங்கூர், அந்தப் பக்கம் பேராக், தஞ்சோங் மாலிம். இந்த ஆற்றை எல்லையாக வைத்துக்கொள்வது என்று 1825லேயே உடன்பாடு ஆகிவிட்டது. ஆனால், பாலத்தைக் கடக்கும்போது யாராவது நின்று யோசிக்கிறோமா? காலையில் அந்தப் பக்கம் பசியாறிவிட்டு இந்தப் பக்கம் வேலைக்கு வருகிறோம். எல்லை என்பதே நினைவில் இருக்காது.

இதே போல, வியட்நாமிலும் அந்த நாட்டின் முதலாம் எண் சாலையில் ஒரு பாலம் இருக்கிறது. பெயர் ஹியென் லுவாங். நீளம் வெறும் 178 மீட்டர். நிதானமாக நடந்தால் மூன்று நிமிடம்கூட ஆகாது. ஆனால், ஒரு தலைமுறைக் காலம் அந்த மூன்று நிமிடத்தை நடக்க முடியாமல் கணவன் ஒரு கரையிலும் மனைவி ஒரு கரையிலுமாக இருந்த குடும்பங்கள் உண்டு. இந்தக் கட்டுரை அந்தப் பாலத்தைப் பற்றியது. கருத்துணர்தல் பயிற்சிக்கும், பொதுக் கட்டுரைக்கும், வரலாற்றுப் பாடத்துக்கும் பயன்படும்படி வரிசையாகச் சொல்கிறேன். நான் வகுப்பில் செய்த ஒரு தவற்றையும் கடைசியில் சொல்கிறேன்.

1. பாலம் எங்கே இருக்கிறது?

மத்திய வியட்நாமில் குவாங் திரி மாநிலம் உள்ளது. அங்கே மேற்கு மலைகளில் தொடங்கிக் கிழக்கே கடலில் கலக்கும் சிறிய ஆறு பென் ஹாய். நீளம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர்தான். மெக்கோங் போல உலகப் புகழ் பெற்ற ஆறு இல்லை. நம் ஊர் ஆறுகளைப் போல, பக்கத்து ஊர்க்காரர்களுக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டிய ஆறு. வரலாறுதான் அதை உலக வரைபடத்துக்கு இழுத்து வந்தது.

இந்த ஆற்றின் மேல் 1928இல் ஒரு சிறிய பாலம் போட்டார்கள். பிறகு பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பெரிதாகக் கட்டினார்கள். போரில் அது தகர்ந்தது. 1952இல் மீண்டும் கட்டினார்கள். நாம் பேசப்போவது இந்த 1952ஆம் ஆண்டுப் பாலத்தைப் பற்றித்தான். ஏழு கண்கள், இரும்புச் சட்டங்கள், மேலே மரப்பலகைத் தளம், அகலம் 4 மீட்டர். ஒரு லாரி போனால் எதிரே இன்னொன்று வர முடியாத அகலம்.

"ஹியென் லுவாங்" என்பதற்கு வியட்நாமிய மொழியில் சாந்தமும் நேர்மையும் உள்ள குணம் என்று பொருள். பெயரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்ததைப் படிக்கும்போது உறுத்தும்.

2. கோடு ஏன் வந்தது?

வியட்நாம் பிரெஞ்சுக் காலனியாக இருந்த நாடு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஹோ சி மின் தலைமையிலான வியட் மின் இயக்கம் விடுதலைக்குப் போராடியது. 1954 மே 7ஆம் நாள் தியென் பியென் பூ என்ற இடத்தில் பிரெஞ்சுப் படை தோற்றது. மறுநாளே ஜெனீவாவில் இந்தோசீனா பற்றிய பேச்சு தொடங்கியது.

பேச்சில் பெரிய இழுபறி ஒன்று உண்டு. இரு படைகளையும் பிரித்து வைக்கக் கோட்டை எங்கே போடுவது? வியட் மின் தரப்பு 13ஆம் அகலக்கோட்டைக் கேட்டது. பிரெஞ்சுத் தரப்பு 18ஆம் அகலக்கோட்டைக் கேட்டது. கடைக்குப் போய் விலை பேசுகிற மாதிரி ஏற்றி இறக்கி, கடைசியில் 17இல் வந்து நின்றது. அந்த இடத்தில் வசதியாக ஓர் ஆறு ஓடியது. அதுதான் பென் ஹாய். ஆற்றின் குறுக்கே பாலம் இருந்தது. அதுதான் ஹியென் லுவாங். ஆற்றோரத்து மக்களை யாரும் கேட்கவில்லை.

1954 ஜூலையில் உடன்பாடு முடிவானது. அதில் நாம் கவனிக்க வேண்டிய செய்திகள் நான்கு:

முதலாவது, கோட்டுக்கு வடக்கே வியட் மின் படையும் தெற்கே பிரெஞ்சுத் தரப்புப் படையும் விலகிப் போக வேண்டும்.

இரண்டாவது, கோட்டின் இரு பக்கமும் 5 கிலோமீட்டர் வரைக்கும் படை விலக்கப்பட்ட வட்டாரம் இருக்கும்.

மூன்றாவது, 300 நாள்களுக்குள் மக்கள் தாங்கள் விரும்பும் பக்கத்துக்கு மாறிக்கொள்ளலாம்.

நான்காவது, 1956 ஜூலையில் நாடு முழுவதும் பொதுத்தேர்தல். அதன் பிறகு கோடு தேவைப்படாது.

மாநாட்டின் இறுதி அறிக்கை இன்னும் ஒன்றையும் தெளிவாகச் சொன்னது. இந்தக் கோடு தற்காலிகமானது; இதை அரசியல் எல்லையாகவோ நாட்டு எல்லையாகவோ கருதக் கூடாது. மாணவர்களே, இந்த வரிக்கு அடிக்கோடு போடுங்கள். கட்டுரையின் உயிர் இதில்தான் இருக்கிறது.

உடன்பாட்டை மேற்பார்வையிட ஓர் அனைத்துலக ஆணையம் அமைந்தது. உறுப்பு நாடுகள் கனடா, போலந்து, இந்தியா. தலைமை இந்தியாவுக்கு. கனடா மேற்குலகின் பக்கம், போலந்து சோவியத் பக்கம், இந்தியா எந்தப் பக்கமும் சேராத நாடு. அந்தக் காரணத்தால்தான் தலைமை அதற்கு வந்தது. 1973 வரை இந்த ஆணையம் இருந்தது. ஆனால், பார்த்ததை அறிக்கையாக எழுத முடிந்ததே தவிர, மீறியவர்களைத் தடுக்கும் அதிகாரம் அதன் கையில் இல்லை.

3. இரண்டு ஆண்டு எப்படி இருபத்தோர் ஆண்டானது?

300 நாள் அவகாசத்தில் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வடக்கிலிருந்து தெற்கே போனார்கள். பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். தெற்கிலிருந்து வடக்கே போனவர்களும் ஓர் இலட்சத்துக்கு மேல் இருப்பார்கள். அவர்களில் பலர் போராளிகள். "ரெண்டு வருஷம்தானே, தேர்தல் முடிஞ்சதும் வந்துடறேன்" என்ற நம்பிக்கையில் குடும்பத்தைத் தெற்கிலேயே விட்டுவிட்டுப் போனவர்கள் அவர்களில் நிறையப் பேர்.

தேர்தல் நடக்கவே இல்லை. தெற்கில் ஆட்சிக்கு வந்த ஙோ டின் டியெம், "நாங்கள் ஜெனீவா உடன்பாட்டில் கையெழுத்திடவில்லை, வடக்கில் சுதந்திரமான தேர்தல் நடக்க வழியில்லை" என்ற காரணங்களைச் சொல்லி மறுத்தார். அமெரிக்காவும் அந்த உடன்பாட்டில் கையெழுத்திடவில்லை. அது டியெமுக்குத் துணை நின்றது. 1956 ஜூலை வந்தது, போனது. தற்காலிகக் கோடு அப்படியே நின்றுவிட்டது. யாரும் அதை "இனி இது எல்லை" என்று அறிவிக்கவில்லை. அகற்றவும் இல்லை. அவ்வளவுதான் நடந்தது.

4. பாலத்தின் மேல் நடந்த சண்டைகள்

பாலத்தின் சரிபாதியில், 89ஆம் மீட்டரில், குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு போட்டார்கள். படைவீரர் நிற்கக் கூடாது என்பதால் இரு முனையிலும் காவல் துறையினர் நின்றார்கள். அனுமதி இல்லாமல் யாரும் கடக்க முடியாது. துப்பாக்கி வெடிக்காத அந்த ஆண்டுகளில் வேறு விதமான சண்டைகள் நடந்தன. மாணவர்களுக்கு மிகவும் பிடிக்கும் பகுதி இது.

வண்ணச் சண்டை: தெற்குத் தரப்பு தன் பாதிக்கு ஒரு வண்ணம் பூசுமாம். பாலம் முழுவதும் ஒரே நிறமாக இருக்க வேண்டும், நாடு ஒன்றுதான் என்று காட்ட வேண்டும் என்பதற்காக, வடக்குத் தரப்பும் அதே வண்ணத்தைத் தன் பாதிக்குப் பூசுமாம். உடனே தெற்கு வேறு வண்ணத்துக்கு மாறும். வடக்கும் மாறும். இப்படிப் பல முறை நடந்ததாக அங்கே சொல்கிறார்கள். இன்று புதுப்பித்து வைத்திருக்கும் பாலத்தில் ஒரு பாதி நீலம், ஒரு பாதி மஞ்சள்.

கொடிச் சண்டை: இரு கரையிலும் கொடிக்கம்பங்கள். ஒருவர் உயர்த்தினால் மற்றவர் அதற்கு மேல் உயர்த்துவார். 1962இல் வடகரையின் கம்பம் 38.6 மீட்டரை எட்டியது. பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெற்கே பல கிலோமீட்டர் தொலைவில் இருப்பவர்களுக்கும் கொடி தெரிய வேண்டும் என்பது நோக்கம். அந்தக் கரையில் இருந்த உறவுக்காரர்களுக்கு, "நாங்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறோம்" என்ற செய்தி அது ஒன்றுதான்.

ஒலிச் சண்டை: ஆளுயர வாய் கொண்ட ஒலிபெருக்கிகளை இரு பக்கமும் வைத்து, பாட்டும் செய்தியும் பிரசாரமுமாக எதிர்க்கரைக்கு அனுப்பினார்கள். நடுவில் குடியிருந்த விவசாயிகள் எப்படித் தூங்கியிருப்பார்கள் என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. வகுப்பில் கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் பேசுவார்கள்.

5. போர் வந்த பிறகு

1965இல் அமெரிக்கா வட வியட்நாம்மீது தொடர்ந்து குண்டு வீசத் தொடங்கியது. "படை விலக்கப்பட்ட வட்டாரம்" என்று காகிதத்தில் எழுதப்பட்ட இடமே போரின் மிகக் கொடுமையான இடங்களில் ஒன்றாக மாறியது. 1967இல் குண்டுவீச்சில் பாலம் விழுந்தது.

வடகரையில் கடலோரம் வின் மொக் என்ற கிராமம் இருக்கிறது. குண்டுக்கு அஞ்சி அந்த ஊர்க்காரர்கள் நிலத்துக்கு அடியில் மூன்று அடுக்காகச் சுரங்கம் தோண்டி அதற்குள்ளேயே குடியிருந்தார்கள். ஆழமான அடுக்கு தரைக்கு 20 மீட்டருக்கும் கீழே. கிணறு, சமையல் இடம், பிரசவ அறை எல்லாம் உள்ளேதான். அந்தச் சுரங்கத்துக்குள் 17 குழந்தைகள் பிறந்தன.

1972இல் வடபடை ஆற்றைக் கடந்து தெற்கே இறங்கியது. 1973 பாரிஸ் உடன்பாட்டுக்குப் பிறகு தெற்கே உள்ள தாக் ஹான் ஆறு புதிய பிரிப்புக் கோடானது. கோடு அழியவில்லை, இடம் மாறியது. 1975 ஏப்ரல் 30இல் சைகோன் வீழ்ந்தது. 1976 ஜூலை 2இல் நாடு முறைப்படி ஒன்றானது.

இப்போது பென் ஹாய் ஆற்றில் வாகனங்களுக்குத் தனிப் பாலம் உண்டு. அதன் பக்கத்தில், 1952ஆம் ஆண்டுப் பாலத்தை அதே அமைப்பில் புதுப்பித்து நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். தென்கரையில் ஒரு தாயும் பிள்ளையும் வடக்கே பார்த்து நிற்கும் சிலை. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 30இல் அங்கே கொடியேற்றுவார்கள். கொஞ்சத் தூரத்தில் திருவோங் சோன் போர்வீரர் கல்லறை இருக்கிறது. அங்கே 10,000க்கும் மேற்பட்ட கல்லறைகள். பாலத்தைப் பற்றி எழுதும்போது அழகான வருணனையோடு நின்றுவிடாமல் இந்த எண்ணையும் எழுதுங்கள்.

6. மாணவர்கள் அடிக்கடி செய்யும் மூன்று பிழைகள்

பிழை 1: "ஜெனீவா மாநாடு வியட்நாமை இரண்டு நாடுகளாகப் பிரித்தது." தவறு. மாநாடு படைகளைப் பிரித்தது. நாட்டைப் பிரித்தது, தேர்தல் நடக்காமல் போனதும் அதன்பின் வந்த போரும்.

பிழை 2: "பாலம் 17ஆம் அகலக்கோட்டின் மேல் போடப்பட்டது." பாலம் முன்னமே இருந்தது. கோடுதான் பின்னால் வந்தது. அது வரைபடத்து நேர்க்கோடும் இல்லை. பெரும்பகுதி ஆற்றின் போக்கிலேயே வளைந்து போனது. 17ஆம் அகலக்கோடு என்பது வாய்ப்பழக்கம்.

பிழை 3: "போர்க்கால எல்லைப் பாலம் உலகில் இது ஒன்றுதான்." இல்லை. கொரியாவில் பான்முன்ஜோம் அருகே "திரும்பி வராப் பாலம்" இருக்கிறது. 1953இல் போர்க்கைதிகள் அங்கே பரிமாறப்பட்டார்கள். எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்து நடந்தால் திரும்ப முடியாது; பெயர்க்காரணம் அதுதான். பெர்லினுக்கும் போட்ஸ்டாமுக்கும் நடுவில் கிளீனிக்க பாலம். 1962இல் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் அங்கே உளவாளிகளை மாற்றிக்கொண்டன. காஷ்மீரில் ஊரி அருகே அமன் சேது. 2005 ஏப்ரல் 7இல் ஸ்ரீநகர்–முசாபராபாத் பேருந்துச் சேவை தொடங்கியபோது, பிரிந்த உறவுகள் அதைக் கடந்து போய்ப் பார்த்துக்கொண்டார்கள். ஒப்பிட்டு எழுத இவை உதவும்.

7. நான் செய்த தவறு

சென்ற ஆண்டு படிவம் ஐந்து மாணவர்களுக்கு இந்தப் பாலத்தைப் பற்றி ஒரு கருத்துணர்தல் பகுதி தயார் செய்து கொடுத்தேன். கேள்விகளில் ஒன்று: "'தற்காலிகம்' எனும் சொல்லின் பொருள் யாது?" விடைத் திறவுகோலில் நான் எழுதி வைத்தது: "சிறிது காலத்திற்கு மட்டும்".

ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தாள்: "எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாதது." சிவப்புப் பேனாவால் தவறு போட்டேன். தாளைத் திருப்பிக் கொடுத்ததும் மேசைக்கு வந்தாள்.

"டீச்சர், நீங்க குடுத்த பகுதியிலயே ரெண்டு வருஷம்னு சொல்லி இருபத்தொரு வருஷம் ஆச்சுன்னுதானே இருக்கு? அப்புறம் எப்படிச் சிறிது காலம்?"

நான் அகராதியைச் சொன்னேன். அவள் ஒத்துக்கொண்ட மாதிரி தலையாட்டினாள். பிறகு மெதுவாக, "எங்க வீடும் தற்காலிகம்தான் டீச்சர்" என்றாள்.

தோட்டம் கைமாறியபோது அவளுடைய பாட்டி குடும்பத்தை லயத்திலிருந்து நீள்வீட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். தற்காலிகம்தான், சீக்கிரம் வீடு கிடைத்துவிடும் என்று வாக்குக் கொடுத்தார்களாம். அப்போது அவளுடைய அம்மா ஆரம்பப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாராம். இப்போது மகள் எஸ்.பி.எம். எழுதப் போகிறாள். பலகைச் சுவரை மூன்று முறை மாற்றியாகிவிட்டது. தற்காலிகம் மட்டும் மாறவில்லை.

வட சிலாங்கூர்த் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு வியட்நாம் தூரத்து நாடாக இருக்கலாம். அந்தச் சொல் தூரத்துச் சொல் இல்லை. அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நானே கேள்வி தயாரித்துவிட்டு, நானே அதை யோசிக்கவில்லை.

மதிப்பெண் விஷயத்தில் என்ன செய்தேன் என்று சக ஆசிரியர்கள் கேட்கலாம். மாற்றவில்லை. சொற்பொருள் கேள்விக்கு அகராதிப் பொருளைத்தான் எழுத வேண்டும். நாளை தேர்வுத் தாளைத் திருத்துபவருக்கு அவள் வீட்டுக் கதை தெரியாது. அங்கே மதிப்பெண் போனால் அவளுக்குத்தான் நட்டம். அதை அவளிடம் நேராகச் சொன்னேன். ஆனால், அடுத்த வாரம் அந்தத் தாளில் ஒரு கேள்வியைச் சேர்த்தேன்: "தற்காலிகமானது என அறிவிக்கப்பட்ட கோடு நிலைத்துவிட்டதற்கான காரணங்கள் யாவை? உம் கருத்தை விளக்குக." அதற்கு அவள் எழுதிய விடையில் ஒரு வரியை இன்னும் மறக்கவில்லை. தற்காலிகம் என்று சொல்பவர்கள் முடியும் தேதியையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தேதி தவறினால் யார் பொறுப்பு என்பதையும் எழுத வேண்டும் என்று எழுதியிருந்தாள். ஜெனீவா உடன்பாட்டின் குறையை இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது. தேதி இருந்தது. தவறினால் யார் பொறுப்பு என்பது இல்லை.

8. வகுப்பில் பயன்படுத்த

ஆசிரியர்களே, இந்தப் பகுதியைக் கொடுக்கும்போது கீழ்க்காணும் கேள்விகளை முயன்று பாருங்கள்.

அ) பாலத்தின் இரு பாதிகளுக்கும் ஒரே வண்ணம் பூச வேண்டும் என்று ஒரு தரப்பு ஏன் நினைத்தது? (காரணம் கூறுதல்)

ஆ) மேற்பார்வை ஆணையம் இருந்தும் உடன்பாடு ஏன் தோல்வியுற்றது? (பகுத்தாய்தல்)

இ) 'எல்லை', 'கோடு' ஆகிய இரு சொற்களுக்கும் உள்ள வேறுபாட்டை இந்தப் பகுதியைக் கொண்டு விளக்குக. (சொல்லாட்சி)

ஈ) உங்கள் குடும்பத்தில் 'தற்காலிகம்' என்று தொடங்கி நிலைத்துவிட்ட ஒன்றைப் பற்றி 80 சொற்களில் எழுதுக. (சொந்தக் கருத்து)

மாணவர்களே, தேர்வு அறையில் பாலம் பற்றிய கட்டுரை வந்தால், "பாலம் இணைக்கும், ஆறு பிரிக்கும்" என்று மனப்பாடம் செய்த முன்னுரையோடு தொடங்கிவிடாதீர்கள். பென் ஹாய் ஆறு யாரையும் பிரிக்கவில்லை. அதன் இரு கரை மக்களும் காலங்காலமாக ஒரே மொழி பேசிப் பெண் கொடுத்துப் பெண் எடுத்து வாழ்ந்தவர்கள். பாலமும் தானாக யாரையும் இணைக்கவில்லை. யார் எந்தத் தேதியில் எதை முடிவு செய்தார்கள், எதைச் செய்யாமல் விட்டார்கள் என்று எழுதுங்கள். ஆண்டையும் எண்ணையும் சரியாகப் போடுங்கள். திருத்துபவர் நிமிர்ந்து உட்கார்ந்து படிப்பார்.

அடுத்த முறை தஞ்சோங் மாலிம் பாலத்தைக் கடக்கும்போது, எல்லைப் பலகையை ஒரு தடவை பாருங்கள். யாரும் நம்மை நிறுத்தவில்லை, சீட்டுக் கேட்கவில்லை. அதுவும் யாரோ எப்போதோ பேசி முடித்து, சொன்ன சொல்லைக் காப்பாற்றியதால்தான்.